ரகம் பிரித்த ஈக்கள்

போடியிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஜீப்பில் ஆள் ஏற்றலாம், உரமூட்டை ஏற்றலாம், ஆட்டுக்குட்டிகூட ஏற்றலாம். ஈயை ஏற்றிக்கொண்டு போனவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதிலும் ஈக்கு முன்சீட்டு. நான் பின்னால், பன்னிரண்டாவது ஆளாகக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு.

"அண்ணே, அந்த டப்பாவுல என்னாண்ணே?" என்று வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டான் பால்பாண்டி.

"ஈ."

"மேல நம்ம வீட்டுல ஈ இல்லைன்னு குறையாக்கும்?"

"இது சாதாரண ஈ இல்லப்பா. பாட்டன் பூட்டன் வரைக்கும் எழுதி வச்ச ஈ."

டப்பாவை மடியில் வைத்திருந்த என் மனைவி சுசித்ரா முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "பால்பாண்டிண்ணே, வளைவுல மெதுவாத் திருப்புங்க. உங்க முதலாளி விழுந்தாப் பரவாயில்ல, பாட்டில் சாயக் கூடாது."

ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தொங்கிக்கொண்டிருப்பவனுக்கு வேறு என்ன வழி?

சுசித்ரா என் அத்தை மகள். மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களை வைத்து முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் அங்கே, இரண்டு நாள் போடியில். எனக்குத் தொழில் ஏலக்காய். வாங்குவது, ரகம் பிரிப்பது, விற்பது. எங்கள் வீட்டில் குழந்தைக்குப் பேச்சு வருமுன் பேரம் வந்துவிடும். அப்பா ஒரு மிட்டாயை நீட்டியபோது இரண்டு காட்டினால்தான் வருவேன் என்று உட்கார்ந்துகொண்டேனாம். இரண்டாவது மிட்டாய்க்குத்தான் முதல் அடி எடுத்து வைத்தேனாம். அம்மா சொல்வாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். அவளும் வியாபாரி வீட்டுப் பெண்தான்.

பழ ஈ என்றால், கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, அந்தப் பொடி ஈ. எள்ளுக்கு இறகு முளைத்தது போல இருக்கும். மே மாதம் மதுரையில் அந்த ஈக்களை வைத்திருந்த குளிர்பெட்டி பழுதாகிவிட்டது. மாற்றுச் சாமான் வர ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலோ நாற்பது டிகிரி. முப்பதைத் தாண்டினாலே ஆண் ஈக்கு வம்ச விருத்தி நின்றுபோகுமாம். அதற்கும் மேலே போனால் ஈயே நின்றுபோகும். அன்று மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, நம்ம தோட்டத்து வீட்டுல ஒரு ரூம் வேணும். ஒரு மாசத்துக்கு."

"எத்தனை பேருக்கு?"

"இருநூறு பேருக்கு."

"குடும்பத்தோட வர்றாங்களா?"

"இன்னும் பிறக்கவே இல்ல மாமா. அங்க வந்து பிறந்து, அங்கயே கல்யாணம் பண்ணி, அங்கயே குடும்பம் நடத்தணும்."

எங்கள் தோட்டம் போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, சரிவில் இருக்கிறது. கீழே மனிதர்கள் உருகி ஓடும் மே மாதத்திலும் அங்கே காலையில் ஸ்வெட்டர் வேண்டும். பெரிய ஈக்கள் எல்லாம் மதுரை வெக்கையில் செத்துவிட்டன. நான்கு பாட்டில்களின் உட்சுவரில் ஒட்டியிருந்த கூட்டுப்புழுக்களை மட்டும் ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதைத்தான் முன்சீட்டில் ஏற்றினோம்.

அன்று சாயங்காலம் முருங்கைக்காய் சாம்பார். எதிரே அவளுடைய லேப்டாப் திறந்திருந்தது. கறுப்புத் திரையில் சிவப்பாக மினுங்கும் சின்னச் சின்னக் கூம்புகள், ஒரே வரிசையில், திருவிழாவுக்குப் போட்ட சீரியல் செட் மாதிரி.

"இதுல அப்படி என்னதான் பாக்குற?"

"இது ஆண் ஈயோட விந்தணு உருவாகுற இடம் மாமா. ஒரு பையில அறுபத்து நாலு விந்தணு. ஆனா ஆரம்பத்துல அம்புட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, உள்ள இருக்கிறதெல்லாம் பொதுவா வச்சிருக்கும்."

"கூட்டுக் குடும்பம்."

"ஆமா. தனித்தனியாப் பிரிஞ்சாத்தான் நீந்தும்."

"பாகப்பிரிவினை. யாரு பஞ்சாயத்து?"

"ஆக்டின்னு ஒரு புரதம். இழை இழையாச் சேர்ந்து இந்தா, இந்தக் கூம்பு மாதிரி நிக்கும். ஒவ்வொரு விந்தணு தலைக்கும் ஒரு கூம்பு. அறுபத்து நாலும் ஒரே நேரத்துல தலையில கிளம்பி, ஒரே வேகத்துல வால் நுனி வரைக்கும் போகும். போற வழியில வேண்டாததை எல்லாம் முன்னால தள்ளிக்கிட்டே போகும். பின்னால ஒவ்வொண்ணுக்கும் தனித் தோல் போர்த்திக்கிட்டே போகும்."

நான் முருங்கைக்காய்த் துண்டு ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்து மெதுவாக இழுத்தேன். சதை எல்லாம் நுனியில் சேர்ந்தது. "இப்படியா?"

"அதேதான்!" என்று துள்ளினாள். மூன்று வருட மணவாழ்வில் நான் சொன்ன ஒன்றுக்கு அவள் அப்படித் துள்ளியது அதுவே முதல் தடவை. "ஆனா அறுபத்து நாலு காயை ஒரே சமயத்துல இழுக்கணும். வழிச்ச சதையெல்லாம் கடைசியில ஒரு மூட்டையாச் சேரும். அதைக் கழிச்சு விட்டுரும்."

"நீளம் எம்புட்டு இருக்கும்?"

"ஒண்ணே முக்கால் மில்லிமீட்டர்."

மில்லிமீட்டரில் பிழைப்பவன் நான். ஏழு மில்லி ஏலக்காய் ஒரு ரகம், எட்டு மில்லி இன்னொரு ரகம். அந்த ஒரு மில்லியில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. "ஈ எம்புட்டு?"

"ரெண்டரை."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆள் உயரத்தில் கிட்டத்தட்ட முக்கால்வாசி. முருங்கைக்காயைத் தட்டில் வைத்துவிட்டு, அந்த ஈயின் மேல் வந்த மரியாதைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த படத்தைக் காட்டினாள். அதில் கூம்புகள் சிதறிக் கிடந்தன. ஒன்று எங்கோ முன்னால், ஒன்று வெகு பின்னால், நாலைந்து நடுவழியில். போடி பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்சைப் பிடிக்க ஓடும் கூட்டம் மாதிரி இருந்தது.

"நம்ம பாட்டில்ல இருக்கிற இனம் இதுதான் மாமா. ஒரு மரபணு பழுது. கூம்பெல்லாம் ஒழுங்காத்தான் கிளம்பும், பாதி வழியில சிதறிடும். பாகம் பிரியாது. பிள்ளை உண்டாகாது. ஏன் சிதறுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் சோலி."

"கண்டுபிடிச்சிட்டியா?"

"பாதி. மீதிக்கு இந்த ஈ வேணும். ரெண்டு வருஷம் உழைச்சு உண்டாக்குன இனம். மதுரையில இருந்த நகல் எல்லாம் போச்சு. இந்த நாலு பாட்டிலும் போனா நான் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எனக்கு ஊற்றிய சாம்பார் தட்டுக்கு வெளியே போனது.

அடுத்த ஒரு வாரம் கூடுகளிலிருந்து ஈக்கள் வெளியே வந்தன. வர வர அவள் ஆணையும் பெண்ணையும் பிரித்து, ஆணுக்கு இரண்டு பாட்டில், பெண்ணுக்கு இரண்டு பாட்டில் என்று விடுதி நடத்தினாள். எல்லாருக்கும் ஒரே நாளில் கல்யாணம் செய்து வைத்தால்தான் பிறக்கும் பிள்ளைகளின் வயது சரியாகத் தெரியுமாம். பாட்டிலை ஐஸில் வைப்பாள், ஈக்கள் மயங்கும். குளிர்ந்த வெள்ளைத் தட்டில் கொட்டி, சின்ன பிரஷ்ஷால் இடமும் வலமும் ஒதுக்குவாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சில ஈக்களுக்கு இறகு நேராக, கண்ணாடித் தகடு போல இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு மேல்நோக்கிச் சுருண்டு, வெயிலில் காய்ந்த இலை மாதிரி. நேர் இறகு ஆண்களில் பன்னிரண்டைப் பொறுக்கி ஒரு சின்னக் குழாயில் போட்டு மதுரைக்கு எடுத்துவைத்தாள். சுருட்டைகளை மறுபடி பாட்டிலிலேயே போட்டாள். நேர் இறகுதான் சரக்கு, சுருட்டை கழிசல், தூக்கிப்போட மனசு வராமல் வைத்திருக்கிறாள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். கேட்கவில்லை. சரக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தெரியாதவன்தான் விற்பவனிடம் கேட்பான் என்பது எங்கள் வீட்டு வளர்ப்பு.

புதன்கிழமை அவள் கிளம்பினாள். குழாயிலிருந்த பன்னிரண்டு பேரை மதுரையில் பெரிய மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு சனிக்கிழமை திரும்புவதாகத் திட்டம்.

"நாளைக்கு சாப்பாட்டுப் பாட்டிலை மட்டும் மாத்திருங்க மாமா. பழசுல இருக்கிற ஈயைப் புதுசுல விடணும். ஆண் ஆணோட, பெண் பெண்ணோட. கலந்துறாதீங்க."

"ஏலக்காய்க்காரன்கிட்ட கலக்காதேன்னு சொல்றியா?"

"வேற ஒண்ணும் செஞ்சுறாதீங்க."

"வேற ஒண்ணும்னா?"

"யோசிக்கிறது, அந்த மாதிரி."

வியாழக்கிழமை காலையில் வேலுத்தாயோடு ஒரு சண்டை. வேலுத்தாய் சிலமலையிலிருந்து தினமும் ஜீப்பில் வருகிறவள். எங்கள் தோட்டத்தில் காய் பிரிக்கும் நான்கு பெண்களுக்குத் தலைவி. விலைக்காகக் காத்துக் கிடந்த போன பருவத்துச் சரக்கில், அவள் பிரித்த எட்டு மில்லி மூட்டை ஒன்றைக் கை விட்டுப் பார்த்துவிட்டு, ஏழு கலந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன்.

"எங்க தம்பி கலந்திருக்கு? எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

"மறுபடி பிரிங்க, தெரியும்."

"கண்ணு நொள்ளை எனக்கா உங்களுக்கா?" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தச் சூட்டோடுதான் ஈ பாட்டில்களிடம் வந்தேன். ஐஸ், தட்டு, பிரஷ் எல்லாம் கண் முன்னால். மாற்றத்தானே போகிறோம், அப்படியே பிரித்தும் கொடுத்துவிட்டால் வருகிறவள் அசந்துபோக மாட்டாளா? உட்கார்ந்தேன். ஏலக்காய் பார்க்கும் லென்ஸை எடுத்துக்கொண்டேன். நேர் இறகு இந்தப் பக்கம், சுருட்டை அந்தப் பக்கம். ஆண்களில் சுருட்டையை எடுத்தேன், பெண்களிலும் எடுத்தேன். முடித்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு கழிசல். இவ்வளவு கழிசல் உள்ள சரக்கை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் என்ன ஆராய்ச்சி செய்தாள் என்று உள்ளபடியே வருத்தமாக இருந்தது. ஏலக்காயில் கழிசலுக்கும் ஒரு கிராக்கி உண்டு. ஈக் கழிசலை யார் எடுப்பார்கள்? சமையலறைக்குப் பின்னால் பலாத் தோல் குவிந்து கிடந்தது. அதன் மேல் தட்டைக் கவிழ்த்துவிட்டு, தர்மம் செய்தவன் மாதிரி கை கழுவிக்கொண்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன்.

"பாட்டிலைப் போய்ப் பாரு. கூலி எல்லாம் வேண்டாம். பாராட்டினாப் போதும்."

ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். நான்கையும் பார்த்தாள். பிறகு முதல் பாட்டிலை மறுபடியும் பார்த்தாள்.

"சுருட்டை எல்லாம் எங்க மாமா?"

"எடுத்தாச்சு! ஒண்ணு விடாம. உன் பன்னிரண்டு மாதிரியே எல்லாம் முதல் ரகம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. அழவும் இல்லை. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். லாரி கவிழ்ந்த செய்தியை இப்படித்தான் சொல்லாமல் சொல்வார்கள்.

"மாமா," என்றாள் கடைசியில், "நேர் இறகு இருக்குல்ல, அதுக்கு அந்த மரபணு ரெண்டு பிரதியும் பழுது. அதோட ஆணுக்குத்தான் கூம்பு சிதறும். அதான் அதை மைக்ராஸ்கோப்புக்கு எடுத்துட்டுப் போனேன். சுருட்டைக்கு ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நல்லது. நல்ல பிரதி இருக்குன்னு தெரியிறதுக்காக அது மேல கட்டிவிட்ட அடையாளம் அந்தச் சுருட்டு. இனத்தை நடத்துறதே சுருட்டை ஆண்தான். நீங்க வச்சிருக்கிற முதல் ரக மாப்பிள்ளைங்க பொண்ணு பின்னாடி சுத்துவாங்க, இறகை அடிச்சுப் பாட்டுக்கூடப் பாடுவாங்க. பிள்ளை மட்டும் பிறக்காது."

"பொண்ணுங்க?"

"அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. இந்தா, முப்பது பேரு நல்லா இருக்காங்க. கட்டிக் கொடுக்கத்தான் ஆள் இல்ல. வெளி ஆளைக் கட்டி வச்சா இனம் கலந்து போயிரும்." மடியிலிருந்த பாட்டிலை மேசையில் வைத்தாள். "ரெண்டு வருஷம் மாமா."

ஏமாந்த வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன், நானும் ஏமாந்திருக்கிறேன். மற்றவர் உழைப்பை வாரிக் குப்பையில் கொட்டிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றதில்லை. "எத்தனை சுருட்டை வேணும்?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அளவு கேட்கத்தான் எனக்கு வந்தது.

"ஒண்ணு போதும். ஒரே ஒரு சுருட்டை ஆண், உசிரோட. எங்க போட்டீங்க?"

"பலாத் தோல்ல."

அவள் நிமிர்ந்தாள். "கொன்னுட்டுப் போட்டீங்களா, மயக்கத்தோடயா?"

"மயக்கத்தோட."

"சுருட்டை இறகால பறக்க முடியாது," என்று எழுந்துவிட்டாள். "தின்னுறதுக்கும் அங்கயே இருக்கு. பல்லியும் எறும்பும் விட்டு வச்சிருந்தா அங்கனக்குள்ளதான் இருக்கும்!"

ஓடினோம். இரண்டு நாளில் குவியல் இன்னும் பெரிதாகியிருந்தது. அதன் மேல் ஊர் ஈக்கள் ஆயிரம் இருக்கும், ஒரு புகை மாதிரி எழும்பி எழும்பி உட்கார்ந்தன. மேற்கே மலைக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மத்தியானம் மழை பிடித்தால் தோல், ஈ எல்லாம் ஓடையில். நாங்கள் இரண்டு பேர், இரண்டு லென்ஸ். வெறும் கண்ணிலேயே ஏழையும் எட்டையும் பிரிக்கிறவர்கள் நான்கு பேர் முப்பது அடி தள்ளி ஏலக்காய் ஸ்டோரில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை.

போனேன். வேலுத்தாய் முறத்திலிருந்து கண் எடுக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப, பிரிக்கிறதுல தப்பு நடக்கும்ங்கிறீங்க."

"நடக்கும்."

"யாருக்கு வேணாலும் நடக்குமா, எனக்கு மட்டுமா?"

"யாருக்கு வேணாலும்."

"சரி. அந்தத் திருப்பி விட்ட மூட்டை இருக்குல்ல தம்பி. அதை நீங்க உக்காந்து பிரிக்கணும். எங்ககூட, இந்தத் தரையில. பிரிச்ச பிறகு நான் கை விட்டுப் பாப்பேன்."

"அரை மூட்டை."

"முழு மூட்டை."

"முக்கால். சேர் போட்டுக்குவேன்."

"மாமா!" வாசலில் சுசித்ரா நின்றாள். முதல் தூறல் அவள் நெற்றியில் இருந்தது. "இன்னும் பேசுனீங்கன்னா நான் உங்களையே குழாயில போட்டு மதுரைக்குக் கொண்டுபோயிருவேன்."

கேட்டதைக் கேட்டபடி ஒப்புக்கொண்டேன். பிறந்ததிலிருந்து நான் செய்த அப்படிப்பட்ட முதல் வியாபாரம் அது. வேலுத்தாய்க்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது போல. இன்னும் அதிகம் கேட்டிருக்கலாமோ என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

நான்கு பெண்களும் வெள்ளைப் பீங்கான் தட்டுகளோடு வந்தார்கள். குவியலுக்கு மேல் பால்பாண்டி தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு தோலாக எடுத்துத் தட்டின் மேல் தட்டினார்கள். ஈக்கள் விழுந்தன, உடனே பறந்தன. அரை நிமிடம் பார்த்துவிட்டு வேலுத்தாய் சட்டம் போட்டாள்: "கண்ணைச் சுளிச்சு இறகெல்லாம் பாக்காதீங்கடி. பறக்குறது நம்ம ஊருது, விட்ருங்க. பறக்க மாட்டாம குதிக்கிறது அந்தப் புள்ளையோடது, பிடிங்க." நான் லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்கு அங்கே வேலை இல்லை.

பத்தாவது தோலில் ஒன்று குதித்தது. டீ கிளாஸைக் கவிழ்த்துப் பிடித்தார்கள். சுசித்ரா குனிந்து பார்த்தாள். "பொண்ணு."

அடுத்தது. "பொண்ணு."

"எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"ஆணா இருந்தா பின்பக்கம் நுனி கறுப்பா, மழுங்கலா இருக்கும். இது கூர்மையா, வரி வரியா இருக்கு பாருங்க."

மூன்றாவது பெண். நான்காவது பெண். ஐந்தாவது ஆண், ஆனால் எறும்பு இழுத்துப்போய்க்கொண்டிருந்த ஆண். ஆறாவதும் ஏழாவதும் பெண்.

"நாலு பொண்ணைப் பெத்துட்டு எங்க வீட்டுலதான் இப்படின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள் வேலுத்தாய். எல்லாரும் சிரித்தார்கள். சுசித்ரா சிரிக்கவில்லை. தார்ப்பாயில் மழை சடசடவென்று விழத் தொடங்கியிருந்தது. குவியலின் அடியில் தண்ணீர் புகுந்து, கீழ்த் தோல்கள் மெல்ல நகர்ந்தன. அவள் முழங்கால் சேற்றில் ஊன்றி, நகரும் தோலைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இன்னொரு தோலைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

வேலுத்தாய் என் கையிலிருந்த தோலை வாங்கி, அதன் உள்பக்கத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். தட்டவில்லை. சுளை இருந்த பள்ளம் ஒன்றில் சுண்டுவிரலை வைத்தாள். "இங்க ஒருத்தன் பதுங்கியிருக்கான். பின்னால கறுப்பா இருக்கு. முடி சுருட்டை."

கிளாஸ் வந்தது. சுசித்ரா குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் கன்னத்தில் ஓடியது மழையா மற்றதா என்று நான் ஆராயவில்லை. ஆராய்ச்சி என் துறை அல்ல.

"ஆண்," என்றாள். "உசிரோட."

அன்று வேறு ஆண் கிடைக்கவில்லை. மழை குவியலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த ஒருவனைத் துடைத்து உலர்த்தி, ஐந்து நேர் இறகுப் பெண்களோடு ஒரு புதுப் பாட்டிலில் விட்டாள். நான்கு நாள் மலைக் குளிரில் அவன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பார்த்து எனக்கு நம்பிக்கையே போயிருந்தது. அந்த நான்கு நாளும் நான் ஸ்டோர் தரையில் மூட்டை பிரித்தேன். வேலுத்தாய் கை விட்டுப் பார்த்து, இருபத்து மூன்று ஏழு மில்லிக் காய்களை எடுத்து வரிசையாக என் முன்னால் வைத்தாள். எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் பேரம் பேசியிருப்பேன்.

ஐந்தாம் நாள் காலை பாட்டிலில் புழு நெளிந்தது. ஏலக்காயில் புழுவைப் பார்த்தால் நெஞ்சடைத்துப்போகிற ஆள் நான். அன்று வீட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பதினாறாம் நாள் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவற்றில் பாதி நேர் இறகு, பாதி சுருட்டை. அடுத்த வாரத்துக்குள் எட்டு பாட்டில். மதுரையில் குளிர்பெட்டியும் சரியாகிவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு இனத்துக்கும் என்ன நடந்தது என்று அதில் எழுதுவார்களாம். எழுதிவிட்டுத் தமிழில் படித்துக் காட்டினாள்: "என் கணவர், யாரும் கேட்காமலே ரகம் பிரித்துச் சுருட்டை ஈக்களை அழித்ததால்..."

"இரு, இரு. சரக்கு நல்லாத்தான இருக்கு? அது எங்க கிடந்து வந்துச்சுன்னு எதுக்கு எழுதணும்?"

"இது எல்லாம் ஒரே ஆணோட வாரிசு மாமா. நாளைக்கு இதுல ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா, மரபணுப் பழுதால வந்ததா, அந்த ஒருத்தன்கிட்ட இருந்து வந்ததான்னு யோசிக்கணும். எழுதாம விட்டா அதுக்குப் பேரு கலப்படம்."

அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் யாரும் சொல்வதில்லை. எழுதட்டும் என்று விட்டுவிட்டு, வாசகத்துக்கு வந்தேன்.

"'என் கணவர்' வேண்டாம். 'ஒருவர்'னு போடு."

"'அனுபவமில்லாத ஒருவர்'."

"அனுபவமில்லாதவனா? இருபது வருஷம் ரகம் பிரிச்சவன்டி!"

"அப்ப 'அனுபவமுள்ள ஒருவர்'?"

யோசித்துப் பார்த்தேன். அது அதைவிட மோசமாக இருந்தது. "சும்மா 'ஒருவர்' போதும். 'அழித்ததால்' வேண்டாம். 'பிரித்து வைத்ததால்'."

"வச்சீங்களா? கொட்டுனீங்க."

"'அப்புறப்படுத்தியதால்'."

"சரி, 'அப்புறப்படுத்தியதால்'. 'யாரும் கேட்காமலே' இருக்கும். அதைக் குறைக்க மாட்டேன்."

முடிந்தது. எனக்கு நல்ல லாபம் என்றுதான் நினைத்தேன். அவள் அதைப் போனில் தன் ஆய்வு வழிகாட்டி ரேணுகா மேடத்துக்குப் படித்துக் காட்டினாள். அந்தம்மா ஸ்பீக்கரில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "அந்த ஆணைக் கண்டுபிடிச்சவங்க யாரு? பேரு, ஊரு, தேதி எல்லாம் முழுசா எழுதும்மா. ஆராய்ச்சிக் கட்டுரை வரும்போது நன்றி சொல்லணும்ல."

சுசித்ரா எழுதினாள்: வேலுத்தாய், சிலமலை. தேதி. பலாத் தோலின் உட்பக்கத்திலிருந்து, வெறும் கண்ணால்.

வேலுத்தாயைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டினாள். வேலுத்தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எழுத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "இது மதுரையில இருக்குமா?"

"எப்பவும் இருக்கும்க்கா."

"தம்பி பேரு எங்க?"

"இந்தா, இங்க. 'ஒருவர்'."

வேலுத்தாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்டோருக்குப் போனாள். வாசல் தாண்டிய பிறகு அவள் சிரித்த சத்தம் கேட்டது.

"சுசி," என்றேன் மெதுவாக, "ஒரு பேச்சுக்குத்தான் கேக்குறேன். 'ஒருவர்' பக்கத்துல ஒரு பிராக்கெட் போட்டு, சின்ன எழுத்துல 'முத்துக்கிருஷ்ணன், போடி'ன்னு..."

அவள் பேனாவை மூடினாள். "பேசி முடிச்ச விலை மாமா," என்று சொல்லிவிட்டு, எட்டு பாட்டில்களையும் டப்பாவில் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.